‘சில சமயம் வருவதில்லை’ என்னும் சாட்சியம்

மென்பொருளில் நேரும் பிழைக்கு ‘வழு’ என்று பெயர் வைத்தவர்கள் இலக்கணம் படித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழுவை ஏழாகப் பகுக்கிறது நன்னூல். இந்த ஏழுக்கும் பொதுவான நற்குணம் ஒன்று உண்டு. அவை ஓடி ஒளிவதில்லை. ‘அவன் வந்தது’ என்று ஒரு மாணவன் எழுதினால் அந்த வாக்கியம் காலையிலும் வழுதான், மாலையிலும் வழுதான். நான் திருத்தினாலும் வழு, மறுமதிப்பீட்டுக்குப் போனாலும் வழு. சிவப்பு மையால் சுழித்துவிட்டு அடுத்த விடைத்தாளை எடுத்துக்கொள்ளலாம். மென்பொருளிலும் இப்படி ஒழுக்கமான வழுக்கள் உண்டு. ஆனால் இன்னோர் இனமும் இருக்கிறது. நேற்று வரும், இன்று வராது. உங்களுக்கு வரும், அதைத் திருத்த வேண்டியவருக்கு வராது. ‘விட்டுவிட்டு வரும் வழு’ என்று வைத்துக்கொள்வோம். இக்கட்டுரை அதைப் பற்றியது. அதைக் காட்டிலும், அதைப் பற்றித் தமிழ் படித்தவர்கள் பேசும் பேச்சைப் பற்றியது.

திருச்சியில் எந்த இலக்கியக் கூட்டத்துக்குப் போனாலும், முடிந்து சத்திரம் பேருந்து நிலையம் நோக்கி நடக்கும் வழியில் ஒரு குற்றச்சாட்டு தவறாமல் எழும். மின்னூல்களில் ஒரு சொல்லைத் தேடினால் ஒருநாள் வருகிறது, ஒருநாள் வருவதில்லை. கல்லூரியில் வருகிறது, வீட்டில் வருவதில்லை. மாதம் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இந்தச் சின்ன விஷயத்தைச் சரிசெய்யத் தெரியவில்லை. தமிழ் என்றால் அவ்வளவு இளக்காரம். சொல்கிறவர் பெரும்பாலும் முனைவர் பட்டம் பெற்றவர். கேட்பவர்கள் எல்லோரும் தலையசைப்பார்கள். தேநீர் வந்துவிடும்.

இந்தக் குற்றச்சாட்டில் பாதி அநியாயம் என்பது என் கட்சி. எஞ்சிய பாதியில் நியாயம் இருக்கிறது. அதற்கும் பிறகு வருகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் போக வேண்டாம், காவிரிப் பாலத்தைத் தாண்டினால் போதும். ‘ஸ்ரீரங்கம்’ என்ற பெயரின் முதல் எழுத்தை எடுத்துக்கொள்வோம். கணினி எழுத்தை வடிவமாக அறியாது, எண்ணாகவே அறியும். யூனிகோடு குறியேற்றத்தில் ஸகரத்தின் எண் 3000. புள்ளிக்கு 3021, ரகரத்துக்கு 2992, ஈகாரக் குறிக்கு 3008. இந்த நான்கும் வரிசையாக நின்றால் எழுத்துரு அவற்றைச் சேர்த்து ஒற்றை உருவமாக வரைந்து காட்டுகிறது. தொடக்க ஆண்டுகளில் எல்லோரும் இப்படித்தான் உள்ளிட்டார்கள். வேறு வழி இருக்கவில்லை. 2005இல் வெளிவந்த யூனிகோடு 4.1 பதிப்பு ‘ஶ’ என்ற கிரந்த எழுத்தை 2998 என்ற எண்ணில் சேர்த்தது. வடமொழியில் அந்தச் சொல் ஶகரத்தில்தான் தொடங்குகிறது. எனவே 2998, 3021, 2992, 3008 என்ற வரிசைதான் முறையானது என்று தரம் ஏற்றுக்கொண்டது. தர்க்கம் சரி. ஆனால் ஏற்கெனவே ஸகரத்தால் உள்ளிடப்பட்டவை அப்படியே கிடந்தன. பழைய விசைப்பலகைகளும் அவற்றுக்குப் பழகிய விரல்களும் அப்படியே இருந்தன. எழுத்துரு செய்தவர்கள் நல்லெண்ணத்தோடு இரண்டு வரிசைக்கும் ஒரே உருவத்தை வரைந்து கொடுத்தார்கள். ஆகக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எண்களை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கோ அவை ‘அரங்கம்’, ‘சுரங்கம்’ என்பவைபோல இரு வேறு சொற்கள்.

இப்போது ஓர் ஆய்வு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவள் தேடும் மின்தொகுப்பை வெவ்வேறு ஆண்டுகளில் மூன்று பேர் தட்டச்சு செய்திருக்கிறார்கள். விடுதியில் கைப்பேசியில் தேடுகிறாள். அதன் விசைப்பலகை ஒரு வரிசையை அனுப்புகிறது. மறுநாள் துறையின் கணினியில் தேடுகிறாள். அது இன்னொரு வரிசையை அனுப்புகிறது. முதல்நாள் சில இடங்கள் கிடைத்தன. மறுநாள் வேறு சில. மூன்றாம் நாள் தோழியின் கைப்பேசியில் ஒன்றுமே கிடைக்கவில்லை. அவள் பார்வையில் இயந்திரம் மனம்போன போக்கில் நடந்துகொள்கிறது. ‘ஸ்ரீரங்கம் என்று தேடினால் சில சமயம் வருவதில்லை’ என்று ஒரு வரி எழுதி அனுப்புகிறாள். சென்னையில் அமர்ந்திருக்கும் மென்பொருளாளர் தம் விசைப்பலகையில் ‘ஸ்ரீரங்கம்’ என்று தட்டுகிறார். வருகிறது. மறுபடியும் தட்டுகிறார். மறுபடியும் வருகிறது. பத்து முறை தட்டினாலும் வரும்; அவர் விசைப்பலகை ஒரே வரிசையைத்தான் அனுப்பும். ‘இங்கே வருகிறது’ என்று பதில் எழுதிவிட்டு அடுத்த புகாருக்குப் போகிறார். இருவரும் உண்மையே சொன்னார்கள். வழு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

‘திருவரங்கம் என்று எழுதுங்கள், தொல்லை ஒழியும்’ என்று தனித்தமிழ் நண்பர்கள் உடனே சொல்வார்கள். நான் எழுதும்போது அப்படி எழுதலாம். பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணத்துக்கு நான் பெயர் மாற்ற முடியாது. அரங்கத்து ஆசாரியர்களின் மணிப்பிரவாள உரைகளில் கிரந்தம் இல்லாத பக்கம் அரிது; அவற்றில் தேட வேண்டுமானால் இருக்கிற எழுத்தைத்தான் தேட வேண்டும். தவிர, இந்த நோய் கிரந்தத்தோடு நிற்பதும் இல்லை. அதே தீவின் வடகரையில் ஓடும் கொள்ளிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கலப்பில்லாத தமிழ்ச்சொல். அதன் ‘கொ’வைக் ககரத்தோடு ஒகரக் குறியைச் சேர்த்து 2965, 3018 என்று இரண்டு எண்ணாக உள்ளிடலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என்று பிரித்து 2965, 3014, 3006 என்று மூன்று எண்ணாகவும் உள்ளிடலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இவ்விரண்டும் சமம் என்று யூனிகோடு தரமே அறிவித்திருக்கிறது. ஆனால் அந்த அறிவிப்பை மதித்து, தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வேலையை ஒவ்வொரு நிரலும் தானே செய்தாக வேண்டும். சில செய்கின்றன, சில செய்வதில்லை. ஸ்ரீ விஷயத்தில் அந்தச் சமன்பாடும் கிடையாது. ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பையும் ளகரத்தையும் தட்டிவைப்பவர்களை எண்ணி மாளாது. அவர்களில் தமிழாசிரியர்களும் உண்டு.

நிற்க. இதில் எனக்கு வியப்பளிப்பது கணினியின் நடத்தை அன்று, நம்மவர்களின் வியப்புதான். ஒரே உருவம், இரண்டு எழுத்து என்ற சிக்கல் தமிழ் படித்தவர்களுக்குப் புதிதா? ஏட்டுச் சுவடியில் பெரும்பாலும் புள்ளி இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். இந்தக் குழப்பத்தில் ஒரு பகுதியைத் தீர்த்துவைத்த பெருமையை மரபு வீரமாமுனிவருக்குத் தருகிறது. அவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி நமக்குப் பக்கத்து ஊர்தான். 1887இல் சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் என்ன செய்தார்? ‘சில ஏடுகளில் வேறு மாதிரி இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனாரா? எந்தச் சுவடி எங்கிருந்து, யாரிடமிருந்து கிடைத்தது என்று முகவுரையில் எழுதினார். பாடம் வேறுபடும் இடங்களை அடிக்குறிப்பில் காட்டினார். பாடபேதம் என்பது ஏட்டின் கிறுக்குத்தனம் அல்ல. ஒவ்வொரு பேதத்துக்கும் காரணம் உண்டு, அந்தக் காரணத்தை எட்ட வேண்டுமானால் முதலில் பேதத்தை அது நின்ற இடத்தோடு பதிவு செய்ய வேண்டும் என்பதே அந்த உழைப்பின் அடிப்படை. இதை முதுகலையில் இரண்டாண்டு சொல்லிக்கொடுக்கிறோம். தேர்வில் 10 மதிப்பெண் வினாவாகவும் கேட்கிறோம். அப்படிப் படித்துத் தேறியவர் மென்பொருளாளருக்குப் புகார் எழுதும்போது ‘சில சமயம் வருவதில்லை’ என்று எழுதுகிறார். சுவடியைத் தராமல், சுவடி இருந்த ஊரையும் சொல்லாமல், ‘எங்கோ ஓர் ஏட்டில் பாடம் சரியில்லை’ என்று ஐயரிடம் ஒருவர் சொன்னதற்கு ஒப்பானது இது.

மென்பொருள் துறையில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். “ஐயா, கொள்ளிடத்தில் வெள்ளம் வருகிறது என்று கோடையில் ஒருவர் வந்து சொன்னால் நான் போய்ப் பார்ப்பேன். மணல்தான் இருக்கும். முக்கொம்பில் எப்போது, எவ்வளவு திறந்தார்கள் என்று சொன்னால்தானே எனக்கு வெள்ளம் தெரியும்?” என்றார். தமிழ் படிக்காமல் போனாரே என்று வருந்தினேன்.

ஸ்ரீயும் கொள்ளிடமும் உண்மையில் சாதுவான வழுக்கள். நிபந்தனை தெரிந்துவிட்டால் நினைத்தபோதெல்லாம் வரவழைத்துவிடலாம். நிபந்தனையே காலமாக இருக்கும் வழுக்கள்தாம் கொடியவை. கல்லூரி ஆசிரியர் எவருக்கும் அறிமுகமான காட்சி ஒன்றைச் சொல்கிறேன். அகமதிப்பீட்டு மதிப்பெண்களை இணையத்தில் ஏற்றுவதற்குக் கடைசி நாள், மாலை நான்கு மணி. இரண்டு ஆசிரியர்கள் ஒரே வகுப்பின் பட்டியலை வெவ்வேறு அறைகளில் திறக்கிறார்கள். இருவர் திரையிலும் பழைய பட்டியல். முதலாமவர் தம் பாடத்தின் மதிப்பெண்களை இட்டுச் சேமிக்கிறார். அடுத்த நொடி இரண்டாமவர் தம்முடையதை இட்டுச் சேமிக்கிறார். ஆனால் அவர் கையில் இருந்தது முதலாமவர் தொடுவதற்கு முந்தைய பட்டியல். முழுப் பட்டியலையும் அப்படியே மேலெழுதும் நிரலாக இருந்தால் முதலாமவரின் மதிப்பெண்கள் ஓசையில்லாமல் அழிந்துபோகும். எந்த எச்சரிக்கையும் வராது. மறுநாள் காலை மென்பொருளாளர் வந்து தனியாக உட்கார்ந்து அதையே செய்து பார்ப்பார். எல்லாம் சரியாக இருக்கும். அவர் தனியாக இருப்பதுதான் காரணம்.

‘இரண்டு பேராக உட்கார்ந்து சோதிக்க வேண்டியதுதானே’ என்று கேட்கலாம். கணக்கு கொஞ்சம் வேண்டியிருக்கிறது, வாசகர்கள் பொறுத்தருள்க. பத்துப் பத்துப் படிகள் கொண்ட இரண்டு செயல்கள் ஒரே நேரத்தில் நடந்தால், அவற்றின் படிகள் ஒன்றோடொன்று இடைமிடைந்து நிற்கக்கூடிய முறைகள் 1,84,756. இவற்றில் ஏதோ சில முறைகளில் மட்டும்தான் வழு தலைகாட்டும். எந்த முறை வாய்க்கும் என்பதை மனிதர் தீர்மானிப்பதில்லை. இணைய வேகம், கணினியின் வேலைப்பளு, அதே நேரத்தில் வேறு யார் என்ன செய்கிறார்கள் என்பவை தீர்மானிக்கின்றன. சரி, எப்படியோ ஒரு காரணத்தை ஊகித்து நிரலைத் திருத்திவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். திருந்தியதா என்று எப்படித் தெரியும்? நூற்றில் ஒருமுறை வரும் வழுவை நூறு முறை சோதித்து, ஒருமுறைகூட வரவில்லை என்றால் நிம்மதி அடைந்துவிடலாமா? திருத்தம் பலிக்காமல் வழு அப்படியே இருந்தாலும் நூறு முறையும் வராமலே போவதற்கு ஏறத்தாழ 37 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பை ஐந்து விழுக்காட்டுக்குக் குறைக்க 300 முறை சோதிக்க வேண்டும். ஆயிரத்தில் ஒருமுறை வருவதென்றால் மூவாயிரம் முறை. ‘அவன் வந்தது’ என்பதை ‘அவன் வந்தான்’ என்று மாற்றியவருக்கு இந்த அவஸ்தை கிடையாது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக நிரலின் நடுவே ‘இந்த இடத்துக்கு வந்தேன்’ என்று எழுதிவைக்கும் ஒரு வரியைச் சேர்த்தால், அந்த வரியை எழுத ஆகும் மிகச் சிறு நேரத்தில் படிகளின் வரிசை மாறி, வழு மறைந்துவிடுவதுண்டு. வரியை நீக்கினால் திரும்பவும் வரும். பார்க்கிறவரைக் கண்டு ஒளிந்துகொள்ளும் இவ்வகை வழுவுக்கு இயற்பியலாளர் ஹைசன்பெர்க்கின் பெயரை ஒட்டி ‘ஹைசன்பக்’ என்று பெயர் வழங்குகிறார்கள். தன் இடத்தில் உறுதியாக நிற்கும் வழுவுக்கு நீல்ஸ் போரின் பெயர்.

இது மதிப்பெண் பட்டியலோடு போகிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். 1985 ஜூனிலிருந்து 1987 ஜனவரி வரை, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்குத் தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் அளவுக்கு மிக மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. 1986 மார்ச் 21 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் அது நேர்ந்தது. திரையில் வந்தது, ‘மால்ஃபங்ஷன் 54’ என்ற பொருள் விளங்காத ஒரு வரி. தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் வந்து சோதித்தார்கள். அவர்களுக்கு அது வரவில்லை. ஏப்ரல் 7இல் இயந்திரம் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. ஏப்ரல் 11இல் இன்னொரு நோயாளி. அந்த இருவருமே அதன் விளைவாக இறந்தார்கள்.

வழுவைப் பிடித்தவர்கள் யார் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும், இயந்திரத்தை இயக்கிவந்த பெண் ஊழியரும். இரண்டாம் விபத்துக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து, அன்று தட்டியதை அப்படியே மறுபடி மறுபடி தட்டிப் பார்த்தார்கள். எக்ஸ்-கதிருக்கான எழுத்தைத் தவறாகத் தட்டி, உடனே மேலே போய் எலக்ட்ரான் கதிருக்கு மாற்றி, கீழே வருவது. இதைப் பழகிய கைக்குரிய வேகத்தில் செய்தால் அந்தச் செய்தி வந்தது. இயந்திரத்தின் காந்தங்கள் தம் நிலைக்கு வர ஏறத்தாழ எட்டு நொடி ஆகும். அந்த எட்டு நொடிக்குள் செய்து முடிக்கப்பட்ட திருத்தம் நிரலின் கவனத்துக்கு வரவே இல்லை. சோதிக்க வந்த பொறியாளர்கள் நிதானமாகத் தட்டினார்கள். அதனால் அவர்களுக்கு வரவில்லை. தட்டும் வேகம் முக்கியம் என்று மருத்துவமனையிலிருந்து சொன்ன பிறகுதான் நிறுவனத்தாராலும் அதை வரவழைக்க முடிந்தது. நாள்தோறும் இயக்கிப் பழகியவரின் கைவேகமே நிபந்தனை. அந்த நிபந்தனையைச் சொல்லக்கூடிய சாட்சி உலகத்தில் அவர் ஒருவர்தான். அவரும் ‘சில சமயம் இப்படி வருகிறது’ என்று சொல்லிவிட்டு விலகியிருந்தால்?

நம்மிடையே வேறொரு கட்சியும் உண்டு. அணைத்துப் போடும் கட்சி. ‘ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, சரியாகிவிடும்’ என்பதே அவர்கள் வேதம். கேலிக்காகச் சொல்லவில்லை, அவர்களுக்கு நல்ல சான்று இருக்கிறது. 1985இல் ஜிம் கிரே என்ற கணினி அறிஞர் கணினிகள் ஏன் நின்றுபோகின்றன என்பது பற்றி எழுதிய கட்டுரையில், தாம் பார்த்த பதிவேட்டிலிருந்த 132 மென்பொருள் கோளாறுகளில் ஒன்றே ஒன்றுதான் மறுமுயற்சியிலும் மாறாமல் நின்ற வகை என்கிறார். மற்றவை திரும்பத் தொடங்கினால் போய்விட்டன. ஆகவே மறுதொடக்கம் மூடநம்பிக்கை அல்ல, பொறியியல்தான். ஆனால் அது சேவையைத் தொடரச் செய்யும் வழி. வழுவைத் தீர்க்கும் வழி அல்ல. எந்த நிலையில் இயந்திரம் தடுமாறியதோ அந்த நிலையைத்தான் மறுதொடக்கம் முதலில் துடைத்தெறிகிறது. களவு நடந்த வீட்டைக் காவல்துறை வருவதற்குள் கூட்டிப் பெருக்கி வைப்பது போன்றது.

1991இல் வளைகுடாப் போரில் நடந்ததைப் பாருங்கள். பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பின் கடிகாரக் கணக்கில் ஒரு நுண்பிழை இருந்தது. இயங்க இயங்க அது சேர்ந்துகொண்டே போகும். அணைத்துப் போட்டால் சுழியத்துக்கு வந்துவிடும். சில மணி நேரம் மட்டும் ஓட்டிச் சோதிப்பவருக்குப் பிழை தெரியாது. ‘மிக நீண்ட நேரம்’ தொடர்ந்து இயக்கினால் கோளாறு வரும் என்று படையினருக்குச் செய்தி அனுப்பப்பட்டது. எத்தனை மணி நேரம் என்றால் ‘மிக நீண்ட’ என்பதை யாரும் சொல்லவில்லை. பிப்ரவரி 25 அன்று தஹ்ரானில் இருந்த அமைப்பு 100 மணி நேரத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருந்தது. கணக்கில் பிழை ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடி. வந்த ஏவுகணையை அது தவறவிட்டது. 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள் வந்துசேர்ந்தது. ‘மிக நீண்ட நேரம்’, ‘சில சமயம்’, ‘எப்போதாவது’ போன்ற சொற்களின் மீது எனக்குள்ள பகைக்கு இந்த ஒரு செய்தி போதும்.

இனி, எஞ்சிய பாதி. மென்பொருளாளரைக் கும்பிட்டுக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. ‘என் கணினியில் வருகிறது’ என்பது ஒரு தகவல். அதைத் தீர்ப்பாக எழுதிப் புகாரை மூடுகிறவர் தம் தொழிலுக்குத் துரோகம் செய்கிறார். அவர் கணினியில் வருகிறது, மாணவி கணினியில் வருவதில்லை என்றால், இரண்டுக்கும் இடையில் ஏதோ ஒன்று வேறுபடுகிறது என்பது அந்த நிமிடமே உறுதியாகிவிட்டது. பாதி வேலை முடிந்த நேரத்தில் கையைக் கழுவுவதா? கல்வி நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்து விற்பவர்கள் பலர், என்ன நடந்தது என்று குறித்துவைக்கும் பதிவேட்டைக்கூட நிரலில் வைப்பதில்லை. வைத்தாலும் பிழைக்குப் பதிலாக ‘ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, மீண்டும் முயல்க’ என்ற ஒரு வரியை மட்டும் பயனர்முன் காட்டுகிறார்கள். தானே ‘ஏதோ’ என்று பேசும் இயந்திரம், பயனரிடம் துல்லியத்தை எதிர்பார்க்க என்ன உரிமை பெற்றது? நிர்வாகங்கள் இன்னும் மோசம். புதிய வசதி ஒன்று சேர்த்தால் திறப்பு விழா நடத்தலாம், நாளிதழில் படம் வரும். எப்போதோ வந்த வழுவை மூன்று வாரம் உட்கார்ந்து தேடிக் கண்டுபிடித்தவருக்கு என்ன விழா எடுப்பது? இனிமேல் ஒன்றும் நடக்காது என்பதுதானே அவர் சாதனை!

இத்தனை குற்றங்களும் அந்தப் பக்கம் இருக்க, நம் பக்கத்துக் குற்றத்தின் விலையை நாம்தான் கொடுக்கிறோம் என்பதுதான் என் கவலை. இன்று தமிழாய்வில் பெருகிவரும் வாக்கியம் ஒன்று உண்டு: ‘இச்சொல் இந்நூலில் யாண்டும் பயின்று வரவில்லை.’ முன்பு இப்படி எழுதியவர் நூலை முழுதும் படித்தோ, சொல்லடைவைப் புரட்டியோ எழுதினார். இன்று தேடல் கட்டத்தில் தட்டி, விடை வராததைக் கண்டு எழுதுகிறார். வந்ததைக் கொண்டு எழுதும் கட்டுரை தவறானால், அடுத்தவர் அந்த இடத்தைப் புரட்டிப் பார்த்துத் திருத்தலாம். வராததைக் கொண்டு எழுதிய முடிவை யார், எந்தப் பக்கத்தைப் புரட்டித் திருத்துவது? ஒரு கொம்பும் காலும் பிரிந்து நின்றதால் ‘இல்லை’ என்று ஆகிவிட்ட சொல், மேற்கோளிலிருந்து மேற்கோளுக்குத் தாவி, ‘இல்லை’ என்றே நிலைபெற்றுவிடும். வாய்மொழித் தேர்வில் ‘எத்தனை இடங்களில் தேடினீர்கள்’ என்று கேட்கிறார்கள். ‘எந்த விசைப்பலகையில் தேடினீர்கள், வேறு வடிவிலும் உள்ளிட்டுப் பார்த்தீர்களா’ என்று ஒரு தேர்வாளர் கேட்டு நான் கேட்டதில்லை. பாடபேதம் பார்க்காமல் செய்யுளுக்குப் பொருள் சொன்னவரைத் துளைத்தெடுக்கும் அதே தேர்வாளர்கள்தாம்.

புகார் எழுதுவோர்க்கு ஒரு வேண்டுகோள், அதோடு முடித்துக்கொள்கிறேன். திரையைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். அனுப்பினாலும் அதோடு நிறுத்தாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டில் தெரிவது உருவம் மட்டும். நம் சிக்கலோ உருவத்துக்குப் பின்னால் இருக்கிறது. தேடிய சொல்லை அது இருந்த கட்டத்திலிருந்து அப்படியே நகலெடுத்துக் கடிதத்தில் ஒட்டுங்கள். எண்கள் சிதையாமல் போய்ச் சேரும். என்ன கருவி, எந்த விசைப்பலகை, எத்தனை மணி, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். வராதபோது மட்டுமல்ல, வந்தபோதும் எழுதுங்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால்தான் பேதம் தெரியும். சோதித்துப் பார்க்க விரும்புவோருக்காக இந்தப் பத்தியிலேயே ஊர்ப்பெயரை இருமுறை இடுகிறேன்: ஸ்ரீரங்கம், ஶ்ரீரங்கம். முதலாவது 3000இல் தொடங்குவது, அடுத்தது 2998இல் தொடங்குவது. உங்கள் கணினியிலும் கைப்பேசியிலும் தேடிப் பாருங்கள். எங்கே ஒன்று கிடைத்தது, எங்கே இரண்டும் கிடைத்தன என்பதை விசைப்பலகையின் பெயரோடு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.